இரண்டு நீதிமான்களும் ஒரு மின்விசிறியும்

சனிக்கிழமை சாயங்காலம். செங்கல்பட்டில் எங்கள் சர்ச். ஆல்டர் மேடைக்கு முன்னால் இரண்டு பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் என் நைனா, கம்பவுண்டர் ஞானமுத்து. இன்னொருவர், நான் மாமனாராக்கிக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்த டிக்கெட் பரிசோதகர் சுவாமிதாஸ்.

"சமாதானம் அண்ணாத்த" என்று நைனா மேற்குச் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

"உனுக்கும் சமாதானம்" என்று சுவாமிதாஸ் கிழக்கு ஜன்னலிடம் சொல்கிறார்.

சுவருக்கும் ஜன்னலுக்கும் சமாதானம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவரவர் பெஞ்சுக்குத் திரும்பினார்கள்.

போன வாரம், நீச்சல் கற்றுக்கொள்ளப் போய்க் கொளவாய் ஏரியில் எருமை முதுகில் நான் கரையேறிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நீங்கள் உருப்படியாக எதையுமே செய்ததில்லையா?" செய்திருக்கிறேன் அம்மா. கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கும் நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

சனிக்கிழமைச் சமாதானம்

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எங்கள் சர்ச்சில் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராப்போஜனம், அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை இருந்தால், முந்தின நாள் ஆயத்தக் கூட்டம் நடக்கும். சபையில் யாரோடாவது மனஸ்தாபம் உள்ளவர்கள் முன்னால் வந்து கைகொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுநாள் பந்தியில் இடமில்லை.

எதற்காக இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினார்களோ, நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தியிருப்பார்கள். ஆனால் நாங்கள் கெட்டிக்காரர்கள். சனிக்கிழமை சமாதானம், ஞாயிற்றுக்கிழமை பந்தி, திங்கட்கிழமை பழையபடி சண்டை என்று வசதியாக ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டோம். அதைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள் நைனாவும் சுவாமிதாஸும்தான்.

சண்டைக்குக் காரணம் ஒரு மின்விசிறி.

சர்ச்சுக்கு வந்து சேர்ந்த முதல் விசிறி அது. பாடகர் குழுவுக்கு நேர் மேலே தொங்கியது. ஸ்விட்ச் இருந்தது நைனா உட்காரும் பெஞ்சின் பக்கத்துத் தூணில். ஓடினால் சரக்கு ரயில் பாலாற்றுப் பாலத்தின் மேல் போகிற மாதிரி கடக், கடக் என்று சத்தம் போடும்.

சுவாமிதாஸுக்கு அருமையான குரல். ரயிலில் டிக்கெட் இல்லாதவனைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டால் அடுத்த பெட்டியில் இருப்பவன் இறங்கி ஓடுவான். அதே குரல் கீர்த்தனை பாடும்போது நெய்யாக உருகும். அவர் தனிப்பாட்டுக்கு எழுந்து தொண்டையைச் செருமுவார். உடனே நைனாவுக்கு வேர்க்கும். கை தூணுக்குப் போகும். கடக், கடக்.

சுவாமிதாஸ் பாதி அடியில் பாட்டை நிறுத்திவிட்டு, நிதானமாக நடந்து வந்து, விசிறியை நிறுத்திவிட்டு, நடந்து போய், விட்ட இடத்திலிருந்து பாடுவார். நைனா மறுபடியும் போடுவார். சபையே டென்னிஸ் பார்க்கிற மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

ஒரு நாள் வாய்ச்சண்டையாகவே ஆகிவிட்டது.

"யோவ் ஞானமுத்து, தொண்டை கட்டிக்கிது. இது இன்னா உன் ஆஸ்பத்திரி வார்டா, நெனச்சப்ப காத்து போட?"

"இது இன்னா உன் டிரெயினா, நீ சொன்னா நிக்கறதுக்கு? வேர்க்குது, போட்டேன்."

அன்றிலிருந்து பேச்சு கிடையாது, சனிக்கிழமை ஒரு வரி தவிர.

கழுதைக்கு ஆசைப்படாதவர்

இரண்டு பேருமே அப்பழுக்கில்லாதவர்கள். அதுதான் தொல்லை.

ஆல்டருக்குப் பின்னால் கறுப்புப் பலகையில் பொன் எழுத்தில் பத்துக் கட்டளைகள் எழுதியிருக்கும். நைனா ஒவ்வொரு ஞாயிறும் அதை மேலிருந்து கீழ்வரை வாசிப்பார். மருந்து அலமாரியில் புட்டிகளின் லேபிள் சரிபார்க்கிற அதே முகம். கொலை, இல்லை. களவு, இல்லை. பொய்ச்சாட்சி, இல்லவே இல்லை. கடைசிக் கட்டளைக்கு வருவார். பிறத்தியான் வீடு, மாடு, கழுதை எதற்கும் ஆசைப்படக் கூடாது. நைனா எந்தக் கழுதைக்கும் ஆசைப்பட்டதில்லை. ஆகவே திருப்தியோடு உட்காருவார்.

சுவாமிதாஸும் அப்படித்தான். அவருக்கு அடுத்தவனிடம் டிக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பதே தொழில். தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது.

இரண்டு நீதிமான்கள் சண்டை போட்டால் தீர்க்கவே முடியாது. யாராவது ஒருவன் அயோக்கியனாக இருந்தால்தான் மன்னிப்பு கேட்பான்.

நடுவில் மாட்டிக்கொண்டது நான். தாலுகா ஆபீஸில் தற்காலிக எழுத்தர், பாடகர் குழுவில் நிரந்தர ஊமை. எனக்குச் சுருதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. ஆண்கள் வரிசையில் பின்னால் நின்று வாயை மட்டும் அசைப்பேன். முன்வரிசையில் மெர்சி நிற்பாள் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. மெர்சி சுவாமிதாஸின் மகள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சமயம், ஒத்திகை முடிந்து பாட்டுப்புத்தகங்களை அடுக்கும்போது அவள் சொன்னாள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் கல்பாக்கத்துலேர்ந்து ஒரு இன்ஜினீயரு பொண்ணு பாக்க வர்றாராம்."

அடுக்கின புத்தகங்களையே நான் மறுபடியும் அடுக்கினேன். "நீ இன்னா சொன்ன?"

"என்னைக் கேட்டாத்தானே சொல்றதுக்கு? உங்க நைனாவை வந்து பேசச் சொல்லு. உன்னைத்தான் கட்டிக்குவேன்னு நான் அப்பாகிட்ட சொல்றேன். ஆனா கேக்க ஆள் வரணும்ல?"

"நைனா உங்கப்பாகிட்ட பேச மாட்டாரே."

"அப்ப விசிறிகிட்ட பேசச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே தைரியத்தைத் திரட்டிக்கொண்டு நைனாவிடம் போனேன்.

"நைனா, மெர்சியைப் பத்தி…"

"எந்த மெர்சி?"

"சுவாமிதாஸ் பொண்ணு."

"எந்த சுவாமிதாஸு?"

அதற்கு மேல் எப்படிப் போவது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை.

துடைத்து வைத்த தெர்மாமீட்டர்

அந்தச் சமயம் பார்த்துத் தெற்கேயிருந்து ஒரு புதுப் பாஸ்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்தால் தோள் குலுங்கும். அவருடைய முதல் ஆயத்தக் கூட்டம். வழக்கம்போல நைனாவும் சுவாமிதாஸும் எழுந்து முன்னால் போய்க் கையை நீட்டினார்கள். ஒருவர் சுவர், ஒருவர் ஜன்னல்.

"இது என்னது?" என்றார் பாஸ்டர்.

"சமாதானம் ஐயா" என்றார் நைனா.

"யாருக்கு?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"இனிமே இந்தக் கைகுலுக்கல் வேண்டாம். யாருக்குத் தப்புப் பண்ணினீங்களோ அவங்ககிட்ட போயி, நான் செஞ்ச தப்பு இன்னதுன்னு வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் பந்திக்கு வாங்க."

நைனா நிஜமாகவே குழம்பிப்போனார். "நான் ஒரு தப்பும் பண்ணலியே ஐயா."

"நானும்தான் பண்ணல" என்றார் சுவாமிதாஸ், பலகையைக் காட்டி. "பத்தையும் பாத்தாச்சு. ஒன்னுத்துலயும் மாட்டல."

பாஸ்டர் நைனாவிடம் திரும்பினார். "நீங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க? காய்ச்சல்காரன் வாயில தெர்மாமீட்டர் வெச்சா காய்ச்சல் இறங்கிருமா?"

நைனாவுக்குத் தொழில் கேள்வி என்றதும் உற்சாகம் வந்துவிட்டது. "அதெப்படி ஐயா எறங்கும்? அது காட்டத்தான் காட்டும். மருந்து வேற."

"அந்தப் பலகையும் அப்படித்தான். ஆண்டவர் அதைக் குடுத்தது நமக்கு எவ்வளவு காய்ச்சல்னு காட்டறதுக்கு. நீங்க ரெண்டு பேரும் தெர்மாமீட்டரைத் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கீங்க. வாயில வெச்சுப் பாத்ததே இல்ல."

நைனா வெற்றுக் கையோடு வந்து உட்கார்ந்தார். கை இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது.

அந்தத் தவக்காலம் முழுக்க இரண்டு பேரும் பந்திக்குப் போகவில்லை. மற்றவர்கள் எழுந்து போய் முழங்கால் போடும்போது இவர்கள் இருவர் மட்டும் பெஞ்சில் தனியாக. அம்மா காலமான வாரத்தில்கூடப் பந்தியைத் தவறவிடாத மனிதர் நைனா. வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா, உடம்பு சரியில்லையா?"

"ஒன்னும் இல்லடா. பேஜாரா கீது, அவ்ளோதான்."

எனக்கு என் பேஜாரு. கல்பாக்கத்து இன்ஜினீயர் தினமும் கனவில் வந்து மெர்சிக்கு அணு உலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கரையில் ஒரு ஏலம்

ஈஸ்டர் காலை ஆராதனையை மகாபலிபுரம் கரையில் வைக்கலாம் என்றார் புதுப் பாஸ்டர். ஒரு பஸ் பிடித்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே தயிர்சாதத் தூக்குகள் திறந்துகொண்டு ஊறுகாய் வாசனை பஸ்ஸை நிரப்பியது. நைனா முதல் சீட்டில், சுவாமிதாஸ் கடைசி சீட்டில். நான் நடுவில், ஒரு மோர்ப்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

நாங்கள் கரையில் பாய் விரிக்கும்போது சூரியன் கடலிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. மணல் ஜில்லென்று இருந்தது. சற்றுத் தள்ளி, மீன் பிடித்துத் திரும்பியவர்கள் கட்டுமரங்களைக் கரைக்கு இழுத்து, கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டர் எழுதிக்கொண்டு வந்த பிரசங்கத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு அதையே காட்டினார்.

"அந்தக் கட்டையைப் பாருங்க. வெளியே பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ளே தண்ணி ஏறிக் கிடக்கு. அப்படியே மறுபடி தள்ளினா மிதக்காது. மேலே பெயின்ட் அடிச்சா சரியாகுமா? ஆகாது. கயித்தை அவிழ்க்கணும், வெயில்ல கிடக்கணும். கட்டை தன்னைத்தானே காய வெச்சுக்க முடியாது. வெயில்தான் காய வைக்கும். உயிர்த்தெழுந்தவர் நமக்குள்ள செய்யறதும் அதுதான். நாம செய்ய வேண்டியது, கயித்தை அவிழ்த்துவிட்டுட்டு அவர் முன்னாடி கிடக்கறது, அவ்வளவுதான்."

நான் எத்தனையோ பிரசங்கங்களில் தூங்கியிருக்கிறேன். அன்று தூங்கவில்லை. மெர்சி எதிரே உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் இல்லை.

"பந்திக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்" என்றார் பாஸ்டர்.

நைனா எழுந்தார். வெள்ளை வேட்டி காற்றில் படபடக்க, சுவாமிதாஸை நோக்கி நடந்தார். சுவாமிதாஸும் அதே நேரம் எழுந்துவிட்டார். அலை ஓரத்தில் இரண்டு பேரும் சந்தித்தார்கள்.

"அண்ணாத்த, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார் நைனா, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "நீ வேணும்னே விசிறியை நிறுத்துனியே, அப்ப எனுக்குக் கோவம் வந்துச்சு. அது என் தப்பு."

சுவாமிதாஸும் தயாராகத்தான் வந்திருந்தார். "நானும் தப்பு பண்ணேன். நீ வேணும்னே விசிறி போட்டு என் பாட்டைக் கெடுத்தியே, அத்த மனசுல வெச்சிகினு இருந்தேன். மன்னிச்சுக்க."

நைனாவின் முகம் மாறியது. "இதுக்குப் பேரு மன்னிப்பா? என் மேல பிராது குடுக்கற."

"நீ மட்டும் இன்னா குடுத்த?"

"சரி விடு. நான்தான் பெரிய பாவி. போதுமா?"

"நீ இன்னா பெரிய பாவி? நான்தான் பெரிய பாவி."

"இந்தா, இதுலயும் போட்டியா? நான் மொதல்ல சொன்னேன்."

"மொதல்ல சொன்னா ஆச்சா? நான் உன்னைவிட பெரிய பாவி!"

"ஐயோ, உன்னால முடியாது அண்ணாத்த! நான்தான்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. கட்டுமரக்காரர் ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா நைனா, ஏலமா? சரக்கு எங்க கீது?"

அவ்வளவுதான். பாஸ்டர் மணலில் உட்கார்ந்துவிட்டார், தோள் குலுங்கக் குலுங்க. சபை முழுக்கச் சிரித்தது. மெர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. என் கல்யாணம் கண்ணெதிரே அலையில் அடித்துக்கொண்டு போவது போலிருந்தது.

சிரிப்பு அடங்கியது. நைனா தலையைக் குனிந்து நின்றார். காலடி மணலை அலை இழுத்துக்கொண்டு போனது. பிறகு வேறொரு குரலில் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எனுக்கு வேர்க்கல அண்ணாத்த."

"இன்னாது?"

"சர்ச்சுல எனுக்கு ஒரு நாளும் வேர்த்ததில்ல. உன் பாட்டு ஜனத்துக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் விசிறி போட்டேன். நீ பாடினா எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்கறாங்க. ஆண்டவரு அத்த உனுக்குக் குடுத்தாரு, எனுக்குக் குடுக்கல. வயிறு எரிஞ்சுது. மாடு, கழுதை எல்லாம் பாத்தேன். தொண்டையைப் பாக்கல."

சுவாமிதாஸ் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் ஒரு அடி வுடாம பாடுவேன். அத்தினியும் ஆண்டவருக்கா பாடினேன்? நீ எரியணும்னு பாடினேன். வாயில அல்லேலூயா, உள்ள வேற." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொன்னும் கீது. அந்தக் கல்பாக்கத்து மாப்ளையை நான் அவசரமா வரச் சொன்னதே என் பொண்ணு மேல உன் பையன் கண்ணு கீதுன்னு தெரிஞ்சு, அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான்."

"எந்தப் பையன்?"

"உனுக்கு எத்தினி பையன் கீறான்? அதோ, மோர்ப்பானைக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு கீறானே, அவன்தான். அவங்களை வர வேணாம்னு சொல்லிடறேன்."

நைனா என்னைப் பார்த்தார். பானைக்கு மேலே என் நெற்றி மட்டும் தெரிந்திருக்கும்.

இருவரும் கைகுலுக்கிக்கொள்ளவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை. நைனா தன் துண்டை எடுத்துச் சுவாமிதாஸிடம் கொடுத்தார். அவர் முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். நைனா அதே துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். அப்பத்தை நைனா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை

பஸ்ஸில் ஏறும்போது மெர்சி என் பக்கம் வந்தாள். "இன்னா, நெஜமா மாறிட்டாங்களா?"

"திங்கக்கிழமை பாத்தாத்தான் தெரியும்" என்றேன். எங்கள் ஊர்க் கால அட்டவணை எனக்குத் தெரியாதா?

திங்கட்கிழமை விடிந்தது. நைனா குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"டேய், சட்டையை மாட்டு. சுவாமிதாஸ் வூட்டுக்குப் போலாம்."

"எதுக்கு நைனா?"

"பொண்ணு கேக்க வேணாமா?"

சைக்கிளில் அவரைப் பின்னால் வைத்து மிதித்தேன். மேடு தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டையே போட்டதில்லை என்று எழுத ஆசைதான். என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிப்பாள், ஆகவே உண்மையை எழுதுகிறேன். சண்டை போட்டார்கள். ஆர்மோனியத்துக்காக ஒரு முறை, எங்கள் மகனுக்குப் பெயர் வைக்க ஒரு முறை. ஆனால் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. யாராவது ஒருவர் வந்து வாசலில் நின்று, "நேத்து நான் சொன்னது பொறாமையில சொன்னது" என்பார். பலகையில் கட்டளைகள் அதே பத்துதான். அதை வாசிக்கும் நைனாவின் முகம்தான் வேறாகிவிட்டது. நடுவில் எங்காவது நின்று, கண்ணை மூடிக்கொள்வார்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். சுவாமிதாஸ் எங்களைப் பார்த்ததும் பனியனோடு ஓடிவந்தார். "வா வா ஞானமுத்து, நாஸ்தா ஆச்சா?" இட்லி வந்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. நைனா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இதோ கேட்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்தேன்.

"அண்ணாத்த, நீ ஞாயித்துக்கெழம பாடுவியே, அத்தப் பாடேன். நான் ஒரு நாளும் முழுசா கேட்டதில்ல."

சுவாமிதாஸ் பாடினார். எல்லா அடிகளும் பாடினார். நைனா கண்ணை மூடிக்கொண்டு, தாளம் தப்பாகத் தொடையில் தட்டினார். பாட்டு முடிந்ததும், "அந்த மூணாவது அடி இன்னொரு வாட்டி" என்றார். அதுவும் ஆயிற்று. பிறகு தொண்டைக்கு எது நல்லது என்று பேச்சு போனது. திரைக்குப் பின்னாலிருந்து மெர்சி எனக்கு ஜாடை காட்டினாள், கேள், கேள் என்று. நான் வழக்கம்போல வாயை மட்டும் அசைத்தேன்.

"அப்ப வர்றேன் அண்ணாத்த."

"அடிக்கடி வா ஞானமுத்து."

நாங்கள் கிளம்பிவிட்டோம். அந்தத் தெருக்கோடியிலேயே ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளை நிறுத்தினேன். நைனா பின்னால் உட்கார்ந்து அந்த மூன்றாவது அடியை முனகிக்கொண்டிருந்தார். முனகல் சட்டென்று நின்றது.

"டேய், நாம எதுக்குடா போனோம்?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பனியனும் லுங்கியுமாகத் தெருவில் மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தார் சுவாமிதாஸ். அவருக்குப் பின்னால், வாசலில் நின்று, மெர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் ஞானமுத்து! நில்லுய்யா! நீ கேக்க மறந்துட்ட, நான் குடுக்க மறந்துட்டேன்!"